நாசிக் திராட்சைத் தோட்டங்களுக்கு நான்கு நாள்: பத்து ஆலை வேண்டாம், நான்கு போதும்

கேள்வி: நாங்கள் புனேயில் வசிக்கிறோம். மே மாதப் பள்ளி விடுமுறையில் நாசிக் பகுதியின் ஒயின் ஆலைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் நான்கு நாள் காரில் சுற்றிப் பார்க்க நினைக்கிறோம். பத்து ஆலைகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறேன். கணவர் ஒருவர்தான் கார் ஓட்டுவார். பத்து வயது மகளும், தேனி மாவட்டத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் மாமனார் மாமியாரும் உடன் வருவார்கள். இருவரும் மதுவைத் தொடாதவர்கள். மாமனார் சுருளிப்பட்டியில் முப்பது ஆண்டுகள் பன்னீர் திராட்சை பயிரிட்டவர். அவர்களை ஹோட்டலில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போய்வரலாமா? திரும்பும்போது கோவையிலுள்ள என் அண்ணனுக்கு இரண்டு புட்டி வாங்கி அனுப்ப முடியுமா? (புனே வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாதத்தை மாற்றுங்கள். மே மாதத்தில் நாசிக் தோட்டங்களில் ஒரு குலைகூட இருக்காது. அறுவடை முடிந்து, கிளைகளை வெட்டிவிடும் ஏப்ரல் கவாத்தும் முடிந்து, கொடிகள் புதுத் தளிர் விட்டுக்கொண்டிருக்கும் காலம் அது. வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். பத்து வயதுக் குழந்தையையும் வயதானவர்களையும் அந்த வெயிலில் தோட்டத்துக்குள் நடக்க வைக்க முடியாது. குளிர்பதன அறையில் உட்கார்ந்து ஒயின் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு வருவதற்கு இருநூறு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரைதான் அங்கே ஒயின் திராட்சையின் அறுவடைக் காலம். பிப்ரவரியின் முதல் பாதியை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். காலையில் மெல்லிய குளிர் இருக்கும், கொடியில் குலை தொங்கும், ஆலையில் இயந்திரங்கள் ஓடும். மகளின் பள்ளிக்கு நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுங்கள். திங்கள் காலை கிளம்பி வியாழன் இரவு திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளில் மும்பையே அங்கே வந்து இறங்கியதுபோல் இருக்கும். அந்தக் கூட்டத்தில் தோட்டக்காரர் யாரும் உங்களோடு நின்று பேச மாட்டார். மகா சிவராத்திரி வரும் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். பக்கத்திலுள்ள திரியம்பகேஷ்வர் சிவன் கோவிலில் அப்போது கால் வைக்க இடமிருக்காது. ஜனவரியில் போவதாக இருந்தால் 26ஆம் தேதி மதுவிற்பனை இல்லாத நாள் என்பது நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது உங்கள் பத்து ஆலைப் பட்டியல். பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு குழுவுக்கு ஒரே நாளில் ஐந்து ஆலைகள் என்று திட்டம் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது இடத்தில் ஒரு மணி நேரம் தாமதம். மூன்றாவது இடத்தில் எதைச் சுவைக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. நான்காவது இடத்துக்குப் போனபோது கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். குழுவில் இருந்த ஒரு பெரியவர் காலை பத்து மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. இருட்டிய பிறகு, களைத்துப்போன ஓட்டுநரோடு கசாரா மலைப்பாதையில் இறங்கினோம். அந்த ஒரு மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒரு நாளைக்கு இரண்டு ஆலைக்கு மேல் நான் எழுதிக் கொடுப்பதில்லை. உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். நான்கு நாளில் மொத்தம் நான்கு இடங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி, "கணவர் ஒருவர்தான் கார் ஓட்டுவார்" என்பது. ஒயின் சுவைப்பு என்றால் ஏதோ கரண்டியில் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு முறைக்கு ஏறத்தாழ 30 மில்லி என்று வைத்துக்கொண்டால், ஆறு வகை சுவைக்கும்போது 180 மில்லி உள்ளே போய்விடுகிறது. அது நிறைய ஊற்றிய ஒரு கிண்ணத்துக்கும் மேல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம் என்கிறது. முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே ஒரு ஆலையில் ஆறு வகையையும் விழுங்கினாலே பலர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். காபி குடித்தாலும், எலுமிச்சைச் சாறு குடித்தாலும், முகம் கழுவினாலும் அது குறையாது. நேரம் ஒன்றுதான் குறைக்கும், அதற்கும் மணிக்கணக்கு ஆகும்.

துப்பிவிடலாமே என்பீர்கள். ஆம், தொழில்முறைச் சுவைஞர்கள் வாயில் உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்பத்தான் செய்கிறார்கள். கேட்டால் அதற்கென்று ஒரு பாத்திரம் தருவார்கள். ஆனால் தண்ணீரையே அண்ணாந்து குடித்து வளர்ந்த நமக்கு, பத்துப் பேர் நடுவே பாத்திரத்தில் துப்புவதற்குக் கை நடுங்குகிறது. எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தலையாட்டிவிட்டுக் கடைசியில் விழுங்கிவிடுவார்கள். ஆகவே அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நாசிக்கில் இருக்கும் நாட்களுக்கு உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை வண்டியோடு அமர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் கார் விடுதியில் நிற்கட்டும். நெடுஞ்சாலையில் போக, வர மட்டும் உங்கள் கணவர் ஓட்டினால் போதும். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அந்த ஓட்டுநருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். தோட்டத்து உணவகங்களில் விலை அதிகம், பக்கத்தில் வேறு கடைகளும் இருக்காது. பல ஓட்டுநர்கள் மாலைவரை பட்டினியாகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் பெரிய சங்கடமாக நினைத்துக் கேட்டிருக்கும் விஷயம். மாமனாரை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போவதா? சகோதரி, அந்தக் காரில் வரும் ஐந்து பேரில் திராட்சையை அறிந்தவர் அவர் ஒருவர்தான்! இந்தப் பயணத்தை அவரைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும் என்பேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை தலைக்கு மேலே பந்தலில் படர்ந்திருக்கும், குலை கீழே தொங்கும், விவசாயி நிழலில் நின்று வேலை செய்வார். நாசிக்கின் ஒயின் தோட்டத்தில் பந்தல் இருக்காது. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்ததுபோல் வரிசை வரிசையாகக் கம்பிகள், அவற்றில் செங்குத்தாக ஏற்றிக் கட்டிய கொடிகள், இடுப்பு உயரத்தில் குலைகள். உங்கள் மாமனார் கண்ணில் முதலில் படப்போவது இதுதான். "ஒரு கொடியில் இவ்வளவுதான் காய்க்குமா?" என்று அவர் கேட்பார். கேட்கட்டும். வேண்டுமென்றே குறைக்கிறார்கள் என்பது பதில். கொடியில் குலை குறைந்தால் இருக்கும் பழத்தில் சாரம் கூடும். சந்தைக்குப் போகும் பழத்தில் எடை பணம். ஒயினுக்குப் போகும் பழத்தில் தோலும் மணமும் பணம்.

இன்னொன்றையும் அவர் உடனே பிடித்துக்கொள்வார். ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் கொடி தானாகவே உறங்கிவிடும். கம்பம், நாசிக் வெப்பத்தில் அது அப்படி உறங்குவதில்லை, ஆகவே எப்போது காய்க்க வேண்டும் என்பதைக் கவாத்துக் கத்திதான் தீர்மானிக்கிறது. கம்பத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை மாற்றி மாற்றிச் செய்வதால் ஏறத்தாழ ஆண்டு முழுதும் பழம் சந்தைக்கு வருகிறது. நாசிக்கில் இரண்டு முறை கவாத்து செய்து ஒரே ஒரு முறைதான் அறுக்கிறார்கள். கோடையில் ஒன்று, கிளையை உருவாக்க. மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, காய்க்க வைக்க. அந்தக் காய் குளிர்காலத்தின் குளிர்ந்த இரவுகளில் பழுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இரவு குளிர்ந்தால் பழத்தில் புளிப்பு தங்கும். புளிப்பு இல்லாத சாற்றில் நல்ல ஒயின் வராது. உங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை அவர் அங்கே உள்ளவர்களிடம் சொல்லட்டும். இரு ஊர் விவசாயிகள் ஒரு கொடியின் முன்னால் நின்றுவிட்டால் மொழி ஒரு தடையாக இருப்பதில்லை. நீங்கள் பக்கத்தில் நின்று இந்தியில் இரண்டு சொல் எடுத்துக் கொடுத்தால் போதும்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அழைத்துச் செல்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஒரு பழத்தை வாயில் போடச் சொல்லுங்கள். கேட்காமல் பறிக்கக் கூடாது, மருந்து தெளித்திருப்பார்கள். கடையில் வாங்கும் விதையில்லாத் திராட்சையைவிட அது சிறியதாக, சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். தோல் தடிப்பு, இனிப்பு நாக்கில் ஒட்டும், உள்ளே விதை. விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பேறி, கடித்தால் வறுத்த கடலைபோல் நொறுங்கினால் அறுவடைக்குத் தயார். சர்க்கரையை அளக்கக் கருவி இருந்தாலும் ஒயின் தயாரிப்பவர்கள் இன்றும் விதையைக் கடித்துப் பார்க்கிறார்கள். இதை ஒரு முறை செய்து பார்த்த குழந்தை மறக்காது.

ஆலைக்குள் ஐந்து பேரும் போகலாம். யாரும் எதையும் குடிக்க வேண்டியதில்லை. அறுவடை நாட்களில் உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை வரும். மாவு பொங்கும் பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அதன் இனிப்பான அண்ணன் என்று சொல்லலாம். உங்கள் மாமியாருக்கு அதை விளக்க வேண்டியிருக்காது, புளிப்பது என்றால் என்ன என்று அவர் கைக்கே தெரியும். வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை நீக்கிவிட்டுப் புளிக்க வைக்கிறார்கள். சிவப்புக்குத் தோலோடு சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள், நிறம் தோலிலிருந்துதான் இறங்குகிறது. அந்தத் தோல் மேலே ஏறிக் கெட்டியான ஏடுபோல் மிதக்கும். அதை அவ்வப்போது சாற்றில் அமிழ்த்திவிடுவார்கள். பிப்ரவரியில் போனால் இதைக் கண்ணால் பார்க்க வாய்ப்பு உண்டு. மே மாதத்தில் மூடிய எவர்சில்வர் தொட்டிகளைத்தான் பார்ப்பீர்கள்.

இப்போது பாதையைச் சொல்கிறேன். திங்களன்று காலை ஆறு மணிக்குள் புனேயை விட்டு வெளியேறிவிடுங்கள். சாகண் சந்திப்பில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். நாராயண்காவில் காலை உணவுக்கு நிறுத்துங்கள். இந்தியாவின் நவீன ஒயின் கதை ஒருவகையில் அந்த ஊரில்தான் தொடங்கியது. 1980களில் 'ஓமர் கய்யாம்' என்ற நுரைக்கும் ஒயின் அங்கே தயாராகி வெளிநாட்டுக்குப் போனது. அங்கிருந்து சங்கம்னேர், சின்னர் வழியாக நாசிக். மொத்தம் சுமார் 210 கிலோமீட்டர், பெரியவர்களோடு நின்று நின்று போனால் ஐந்து மணி நேரம்.

மதியம் எல்லோரும் தூங்கட்டும். மாலை நான்கு மணிக்கு கங்காபூர் அணை அருகிலுள்ள சூலா தோட்டம். பெரிய இடம், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். ஆனாலும் முதல் முறை போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது என்பது என் கருத்து. அதன் நிறுவனர் ராஜீவ் சாமந்த் தன் தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர் அது. நாசிக்கில் பெரும்பாலும் சாப்பாட்டுத் திராட்சையே விளைந்துகொண்டிருந்த காலத்தில் செனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை வகைகளை நட்டு, 2000ஆம் ஆண்டில் முதல் ஒயினை வெளியிட்டார்கள். பார்வையாளர்களுக்கான சுவைக்கூடத்தை 2005இல் திறந்தார்கள். இன்று நாசிக்கில் இத்தனை ஆலைகள் விருந்தினரை வரவேற்கின்றன என்றால் அதற்கு அந்த முன்மாதிரி ஒரு முக்கியக் காரணம். ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சூரியன் மறையும்வரை தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருங்கள்.

செவ்வாய்க்கிழமை உங்கள் மாமியாருக்கு. விடியற்காலையில் குளித்துவிட்டு திரியம்பகேஷ்வர் கிளம்புங்கள், நாசிக்கிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று. பிரம்மா, விஷ்ணு, ருத்திரன் மூவரும் ஒரே ஆவுடைக் குழிக்குள் இருப்பதாக வணங்கப்படும் தலம். கோவிலுக்குப் பின்னால் நிற்கும் பிரம்மகிரியில்தான் கோதாவரி பிறக்கிறது. திங்கட்கிழமை கூட்டம் என்பதால்தான் உங்களுக்கு இதைச் செவ்வாய்க்கு நகர்த்தினேன். கோவில் முதலில், ஆலை பிறகு. இந்த வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். சுவைத்துவிட்டு வந்து தரிசனத்துக்கு நிற்பது உங்கள் மாமியாரின் மனத்தைப் புண்படுத்தும். அதன்பின் அவர் பயணம் முழுவதும் பேசாமலே வருவார். மாலையில் கங்காபூர் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி அமைந்திருக்கும் யார்க் அல்லது அதே பக்கத்திலிருக்கும் சோமா, இந்த இரண்டு ஆலைகளில் ஒன்று போதும். தண்ணீரைப் பார்த்து உட்கார வேண்டும் என்றால் யார்க்.

புதன்கிழமைதான் இந்தப் பயணத்தின் சிறந்த நாள். விடுதியைக் காலி செய்துவிட்டு இகத்புரி பக்கம் போங்கள், ஐம்பது கிலோமீட்டருக்குள். உங்கள் காரை உங்கள் கணவர் அங்கே தங்குமிடத்தில் நிறுத்தியதும், அன்றைய ஓட்டுநர் வண்டியை எடுக்கட்டும். சஞ்சேகாவில் குரோவர் ஜாம்பாவின் ஆலை இருக்கிறது. காலையில் அது. மதியத்துக்குப் பின் முகணே அணையைப் பார்த்து நிற்கும் வலோனே. இது சிறிய ஆலை, சிறியது என்பதால்தான் சொல்கிறேன். இப்படிப்பட்ட இடத்தில் தோட்டத்தில் வேலை செய்கிறவரே வந்து பேச வாய்ப்பு அதிகம். முன்பதிவு செய்யும்போது, "எங்களோடு தேனியிலிருந்து திராட்சை விவசாயி ஒருவர் வருகிறார், தோட்டப் பொறுப்பாளரைச் சந்திக்க விரும்புகிறார்" என்று தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வரிக்கு எவ்வளவு மரியாதை கிடைக்கிறது என்று பாருங்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் திண்டோரிப் பக்கத்து ஆலைகளை நான் எடுத்துவிட்டேன். அவை நகருக்கு வடக்கே, இகத்புரி தென்மேற்கே. இரண்டையும் சேர்த்தால் மீண்டும் பழைய ஐந்து ஆலைக் கதைதான். சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜ் தோட்டத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அது புனேக்கு மறுபக்கம், அதற்குத் தனியாக ஒரு பயணம் போங்கள்.

சுவைக்கப் போகிற அன்று நீங்களும் உங்கள் கணவரும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம், தலையில் மல்லிகையும் வேண்டாம். ஒயினின் பாதி மூக்கில் இருக்கிறது, மல்லிகை இருக்கும் அறையில் வேறு எதுவும் மூக்குக்கு எட்டாது. மாமியார் வைத்துக்கொள்ளட்டும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும். நாசிக் மிசல் என்ற காரமான பயறுக் குழம்பைச் சுவைப்புக்கு முன்னால் சாப்பிடாதீர்கள். அருமையான உணவு, ஆனால் அந்தக் காரம் நாக்கை ஒரு மணி நேரத்துக்கு மரத்துப்போகச் செய்துவிடும். வெறும் வயிற்றிலும் போகாதீர்கள். வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்குப் போய், இனிப்பு வகையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எது பிடிக்கவில்லையோ அதை மீதி வைத்துவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அண்ணனுக்குப் புட்டிகள் அனுப்புவதை விட்டுவிடுங்கள். மதுவரிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டுக்குள் உரிய அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் சிக்கல் வரும், கூரியரில் போட்டால் இன்னும் சிக்கல். நாசிக் சந்தையில் நல்ல உலர்திராட்சை கிடைக்கும், ஒரு கிலோ வாங்கி அனுப்புங்கள். உங்கள் வீட்டுக்கு வாங்கும் புட்டிகளுக்கு ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் காரின் பின்பெட்டியில் போடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே சூடு ஏறினால் கார்க் மேலே தள்ளிக்கொண்டு வரும், ஒயின் வெந்த பழம்போல் ஆகிவிடும். தெர்மகோல் பெட்டியில் வைத்துப் பின் இருக்கையின் கால் வைக்கும் இடத்தில் படுக்க வையுங்கள். கடைசி ஆலையில் மட்டும் வாங்குங்கள்.

வியாழக்கிழமை திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். கோட்டியில் திரும்பி பண்டார்தரா வழியாக இறங்குங்கள். பிரவரா ஆற்றின் குறுக்கே 1926இல் கட்டி முடிக்கப்பட்ட வில்சன் அணை அங்கே இருக்கிறது. ஏரிக்கரையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அகோலே வழியாகச் சங்கம்னேர் வந்தால் பழைய நெடுஞ்சாலையில் சேர்ந்துவிடலாம். அந்த மலைப்பாதை குறுகலானது, இருட்டில் ஓட்ட ஏற்றதல்ல. உங்கள் கணவர் முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், இரவுச் சாப்பாட்டோடு ஒயினும் வேண்டாம். மதியம் ஒரு மணிக்கு பண்டார்தராவை விட்டுக் கிளம்பினால் பகல் வெளிச்சத்திலேயே மலையைத் தாண்டிவிடலாம். பிறகு மஞ்சரில் ஒரு தேநீருக்கு நின்று, சாகண் நெரிசல் தணிந்தபின் வீடு போய்ச் சேருங்கள்.